ரோஷமும் ரொக்கமும்

குத்துச் சண்டைக்காரன் எதிரியைத் தேர்ந்துகொள்வது ரோஷத்துக்காகவா, ரொக்கத்துக்காகவா? மேவெதரும் பாக்கியோவும் மோதப்போகிறார்கள் என்ற பேச்சு 2009-ல் கிளம்பியது; மோதியதோ 2015 மே மாதத்தில். இடையில் ரத்தப் பரிசோதனைத் தகராறு, பங்குத் தகராறு. பேரம் படிந்த பிறகே மேடை ஏறினார்கள்.

நம் திண்டுக்கல் சீமையில் இந்தக் கேள்வியை ஒரு மாட்டை வைத்தே கேட்டுவிட்டார், வத்தலக்குண்டுக்காரரான சி. சு. செல்லப்பா. 'வாடிவாசல்' குறுநாவலில் பிச்சி வருவது தன் தகப்பன் அம்புலியைக் கொன்ற காரிக் காளையைத் தேடி. வேறு மாடுகளையும் அணைகிறான், அதெல்லாம் ஒத்திகை. கிழவனின் பேச்சு சற்று நீளம்தான். ஆனால் மாட்டின் குணமும் மனிதனின் குணமும் அந்தப் பேச்சில்தான் நமக்குப் பிடிபடுகின்றன.

ஆனாலும் இதை வெறும் பழிவாங்கும் கதையாகப் படிக்க என் மனம் ஒப்பவில்லை. அங்கே இன்னொரு ரோஷமும் உட்கார்ந்திருக்கிறது: காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாருடையது. காசுள்ளவரின் ரோஷம் அது. பிச்சி தன் உடம்பைப் பணயம் வைக்கிறான். அவரோ மாட்டை வைக்கிறார். காரி பிடிபட்டதும் சுட்டுவிடுகிறார். கதையில் மிக உண்மையான இடம் இதுவே என்பேன்.

இன்று அலங்காநல்லூரில் சிறந்த வீரனுக்குக் கார் பரிசு. சட்டை மாட்டி, சுற்றுச் சுற்றாக இறக்குகிறார்கள். எந்த மாடு எப்போது அவிழும் என்பது அவன் கையில் இல்லை. பிச்சி வந்திருந்தால், காரி வாடியை விட்டு வெளிவருமுன்பே அவன் சுற்று முடிந்திருக்கும்.