கடலைக் கட்டியோரும் கடலுட் குளித்தோரும்

பேய், பில்லி, சூனியம், மந்திரம் என்பன பற்றிய பேச்சு எழும்போது கற்றோரிடையே இரு விடைகள் எப்பொழுதும் ஆயத்தமாக உள்ளன. முன்னோர் கண்டது பொய்யாகாது என்பது ஒன்று. அறியாதார் கொண்ட மூடநம்பிக்கை என்பது மற்றது. இவை தம்முள் முரணுவன போலத் தோன்றினும் ஒரு குறையில் ஒத்தவை. நம்பியவன் யார், அவன் செய்த தொழில் யாது, அந்த நம்பிக்கையால் அவன் பெற்றதும் கொடுத்ததும் எவை என்னும் வினாக்களை இரண்டும் எழுப்புவதில்லை. மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பில் இடம்பெற்ற கடல்கட்டி பற்றிப் பிறநாட்டார் எழுதியவற்றை ஆராயுமிடத்து இக்குறை நன்கு புலனாகும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களை அடுத்த கடலில் முத்துச் சிப்பிப் பார்கள் அமைந்துள்ளன. சலாபம் கூடிய ஆண்டுகளில் ஈழத்துக் கரையோரத்தாரும் தமிழகக் கரையோரத்தாரும் அரபு நாட்டாரும் இங்குத் திரண்டனர். குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்திற்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டு மேலெழுந்தார். நாளொன்றுக்குப் பன்முறை இவ்வாறு இறங்கினார். இக்கடல் சுறாக்கள் உலவும் கடல். ஆகவே சுறாவின் வாயைக் கட்டவல்லவர் எனக் கருதப்பட்ட கடல்கட்டி இல்லாமற் குளியாட்கள் கடலில் இறங்க இசைந்திலர்.

1807ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இலங்கை வருணனையில் ஜேம்ஸ் கோடினர் என்னும் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் இச்சடங்கை விரிவாகக் கூறியுள்ளார். கடல்கட்டிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் தலைமைத் தோணியிற் செல்வார். மற்றவர் கரையிலே ஆடையின்றி ஓர் அறையுள் அடைந்திருப்பார். தோணிகள் திரும்பும்வரை அவரை எவரும் காணலாகாது. அவர் முன்னே நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரம் ஒன்றில் வெள்ளியாற் செய்த ஆண் மீனும் பெண் மீனும் கிடக்கும். கடலில் எவரையேனும் சுறா தீண்டின், பாத்திரத்து மீன்களுள் ஒன்று மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. இவர்களை ஏமாற்றுக்காரர் என்று கூறும் கோடினரே, சலாப ஏற்பாட்டில் இவர்கள் இன்றியமையாதவர் என்றும் எழுதுகின்றார். இவ்விரு கூற்றும் அருகருகே நிற்பதில் உள்ள முரண் அவருக்குத் தோன்றவில்லை.

கோடினர் தரும் சொல்விளக்கமும் கவனித்தற்குரியது. கடல்கட்டி என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் சுறாவைக் கட்டுபவர் என அவர் பொருள் உரைக்கின்றார். சொல்லிலோ சுறா இல்லை, கடலே உண்டு. வாய்க்கட்டு, எல்லைக்கட்டு, திசைக்கட்டு என மந்திர வழக்கில் வரும் கட்டு என்பது, வரம்பற்று நிற்கும் ஒன்றிற்கு வரம்பு இடுதலைக் குறிப்பது. மூச்சடக்கி இறங்கும் ஒருவனுக்குச் சுறா மட்டுமா பகை? நீரோட்டம், ஆழத்து நீரின் அழுத்தம், செவியினின்றும் மூக்கினின்றும் வழியும் குருதி, கயிறு பிடிப்பவனின் கவனக்குறைவு ஆகிய யாவும் அவனுக்குக் கடலே. தொழிலாளியின் சொல் முழுக் கடலையும் சுட்ட, பார்வையாளரின் மொழிபெயர்ப்பு அதனை ஒரு மீனளவாகக் குறுக்கிவிட்டது.

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனென்ற், 1859இல் வெளியிட்ட நூலில் சுவையான நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுகின்றார். அவர் சென்றிருந்தபோது தலைமைக் கடல்கட்டி நோயுற்றிருந்தமையால் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தார். தமக்கு மந்திரம் தெரியாது என்று அப்பதிலாள் ஒளிவின்றிக் கூறினார். ஆயினும் உரியவரின் பிரதிநிதியாகத் தாம் நிற்பதைச் சுறாக்கள் அறிந்து மதிக்கும் என உறுதி சொன்னார். அக்குடும்பத் தலைவர் கத்தோலிக்கர் என்பதையும், மந்திரத்தின் வலிமை ஓதுபவரின் சமயத்தைப் பொறுத்ததன்று என மக்கள் கருதினர் என்பதையும் ரெனென்ற் நகைப்புத் தோன்ற எழுதுகின்றார். தம்மை ஒருநாளும் காணாத மக்களை ஓர் அரசி தம் பிரதிநிதிகளைக் கொண்டு ஆண்ட ஏற்பாட்டில், அப்பிரதிநிதிகளுள் ஒருவர் தாமும் என்பது அவருடைய நகைப்பிற்குள் வரவில்லை.

சுறாவால் நேர்ந்த விபத்து, ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிய பின் நன்கு உறுதிப்பட்டது ஒன்றே என ரெனென்ற் கணக்கிடுகின்றார். பெருந்தொகையான தோணிகளும் ஆரவாரமும் கற்கள் விழும் ஓசையும் சுறாக்களை வெருட்டியிருக்கலாம் என்பது அவர் கூறும் காரணம். இது அறிவுக்கு ஒத்தது. கடல்கட்டியின் புகழ் எவ்வாறு நிலைத்தது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. அரிதாக நிகழும் ஒன்றைத் தடுப்பதாகச் சொல்பவர் பெரும்பாலும் வென்றவராகவே தோன்றுவார். ஆனால் ரெனென்ற் அவ்வளவில் நில்லாது, குளிப்போரின் கரிய மேனியும் அவர்களுக்குக் காப்பாகலாம், வெள்ளைத் தோலருக்கு அத்தகைய பாதுகாப்புக் கிட்டாமற் போகலாம் என்றும் ஊகிக்கின்றார். மந்திரத்தை மறுக்கப் புகுந்தவர், ஒருவகை மக்களின் உடலுக்கு ஆபத்து உறைக்காது என்னும் இன்னொரு நம்பிக்கையை அறிவியலின் பெயரால் முன்வைத்துவிட்டார். இரண்டனுள் தீங்கு மிக்கது எது என்பது எண்ணத்தக்கது.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, டுரோபிரியாண்ட் தீவுகளில் அமைதியான களப்பு மீன்பிடிக்கு மந்திரம் இல்லை என்றும், ஆபத்தான ஆழ்கடல் மீன்பிடிக்கே அது உண்டு என்றும் 1925இல் காட்டினார். அறிவும் திறமையும் எட்டாத இடத்தில் எழும் அச்சத்தை மந்திரம் ஆற்றுகிறது என்பது அவர் கொள்கை. கடல்கட்டிக்கு இது பெரிதும் பொருந்தும். குளியாள் கயிற்றையும் கல்லையும் மந்திரத்தை நம்பிக் கைவிட்டானல்லன். அவற்றால் ஆகாத இடத்திற்கே கடல்கட்டியை நாடினான். ஆயினும் இவ்விளக்கம் பாதி வழியிலே நின்றுவிடுகிறது. அச்சம் எவருடையது என்பதை அது கூறுகிறது. அந்த அச்சம் எவருக்குப் பயன்பட்டது என்பதைக் கூறவில்லை.

மறு பாதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழிச் சென்ற மார்க்கோ போலோவின் குறிப்பில் காணலாம். முத்தெடுப்போர் அரசனுக்குப் பத்திலொரு பங்கும், மீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதிலொரு பங்கும் கொடுத்தனர் என்கிறார் அவர். மேலும், அக்கட்டு ஒரு பகற்பொழுதுக்கே உரியது. இரவில் அது அவிழ்க்கப்படும். மீன்கள் தம் விருப்பம்போல் ஊறு செய்ய விடப்படும். பகலில் அதே மந்திரம் கூலியாளைக் கடலுள் இறக்கிற்று. இரவில் ஒருவனும் தனக்கென இறங்காதவாறு பாரைக் காத்தது. ஊதியம் வேண்டாக் காவலாளாய் நின்றது சுறா. கடல்கட்டி மனக்குறை கொண்டால் சுறாக்களை ஏவிவிடுவார் என்று குளியாட்கள் அஞ்சியதாகவும், அதனால் அவருக்குக் காணிக்கைகள் குவிந்ததாகவும் கோடினர் கூறுவது இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆறுதல் அளித்தவரே அச்சத்திற்கும் உரியவரானார்.

சலாபத்தின் பொருளியலை நோக்கின் இது மேலும் விளங்கும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபா. கொட்டு எனப்பட்ட அடைப்பினுள் சிப்பிகள் மூன்று பங்காக்கப்பட்டு, இரண்டு அரசுக்கும் ஒன்று குளித்தோருக்கும் உரியவாயின. அஞ்சுபவன் இறங்கான், அவன் இறங்காவிடின் வருவாய் இல்லை. எனவே நகைத்தவர்களும் கடல்கட்டியை விலக்கத் துணியவில்லை.

இலக்கியம் இதனை எவ்வாறு கண்டது? கீற்ஸ் தம் ‘இசபெல்லா’வில், 1820இல், புளோரன்சு நகர வணிகரின் செல்வத்துக்காகச் சுறாவின் முன் இறங்கும் இலங்கைக் குளியாளை நினைத்தார். இலங்கையைக் கண்டறியாத அக்கவிஞருக்கு உழைப்பு தெரிந்தது. 1863இல் பாரிஸில் அரங்கேறிய பிசேயின் ‘முத்துக் குளிப்போர்’ இசைநாடகமோ இலங்கையைக் களமாகக் கொண்டும், குளிப்போரைக் காக்கப் பாடும் முகத்திரையிட்ட கன்னியையும் அவளைக் காதலித்த இருவரையுமே முன்னிறுத்தியது. மந்திரம் அழகாயிற்று, உழைப்பு மறைந்தது. 1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்திற் பணியாற்றிய லெனாட் வூல்வ், ‘முத்துகளும் பன்றிகளும்’ என்னும் சிறுகதையில் அக்கரையின் நாற்றத்தையும் சாவையும் மறைக்காது காட்டினார். ஆயினும் கதை சொல்பவன் அங்கும் அதிகாரியே.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராயிருந்தவரும், 1978இல் மறைந்தவருமான பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமற்ற சூழலில் அற்புத ஆற்றலைக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறைகூவல் விடுத்தார். அதனை வென்றார் எவருமிலர். ஆனால் அவருடைய சிறப்பு அந்த அறைகூவலில் மட்டும் அடங்குவதன்று. வீட்டின்மீது கல் விழுகிறது, பொருள்கள் தாமே உடைகின்றன என்று மக்கள் முறையிட்டபோது, பேய் இல்லை என்று சொல்லித் திரும்பாது, எறிந்த கையையும் அக்கைக்குரியவரின் மனத்துன்பத்தையும் தேடினார். கடல்கட்டி பற்றிய ஆய்வும் செல்லவேண்டிய வழி இதுவே. மந்திரம் சுறாவைக் கட்டவில்லை என்று நிறுவுதல் எளிது. அது மனிதரை எவ்வாறு கட்டியது என்று காண்பதே கடினம்.

1906இல் பார்களைக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கம்பெனி சில ஆண்டுகளிலேயே நொடித்தது. பெருஞ்சலாபங்களின் காலமும் முடிந்தது. ஆயினும் மன்னார்க் கடலில் இன்றும் சங்குக்கும் கடலட்டைக்கும் குளிப்போர் உளர். காற்றுக் கலன் சுமந்து ஆழ்ந்து, விரைந்து மேலெழுவதால் உடல் முடங்கும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. இதற்கு மந்திரம் மருந்தாகாது. அவர்களை நகைப்பதும் மருந்தாகாது. குளிக்கும் முறையிற் பயிற்சியும், அமுக்க அறையுடன் கூடிய மருத்துவ வசதியும், உழைப்புக்கேற்ற விலையும் கிட்டும் அளவிற்கே கடல் உண்மையிற் கட்டப்படும். அவை கிட்டாத வரையில், அவர்களுள் ஒருவர் காப்புக் கயிறு கட்டி இறங்குவாராயின், குறை அவருடைய அறிவில் மட்டும் இருப்பதாகக் கூறல் நேர்மையாகாது.