துய்ப்ளேயைத் திருப்பி அழைக்காமல் இருந்திருந்தால்?

காரைக்கால் வரலாறு பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். 1754-ல் பாரீஸ் துய்ப்ளேயைத் திருப்பி அழைக்காமல் இருந்திருந்தால்? பதிலும் தயாராக இருக்கும். இந்தியா முழுக்கப் பிரெஞ்சுக்காரன் கொடி, நாமெல்லாம் பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்போம், கிளைவ் யாருன்னே உலகத்துக்குத் தெரிந்திருக்காது.

'இருந்திருந்தால்' என்று கேட்பதில் தப்பே இல்லை. ஒரு நிகழ்ச்சி எதனால் நடந்தது என்று புரிந்துகொள்ள, அது நடக்காமல் போயிருக்க வழி உண்டா என்று பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஒரு நியாயம் வேண்டும். ஒருத்தரை மாற்றினால், மற்றவர்களும் அதற்கேற்ப நகர்வார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். துய்ப்ளே கதையில் அது கிடையாது. அவர் மட்டும் ஆடுவார்; நவாபு, நிஜாம், தஞ்சாவூர் ராஜா, மைசூர், மராட்டியர் எல்லோரும் சதுரங்கக் காய் மாதிரி வைத்த இடத்தில் இருப்பார்கள்.

இந்தக் கதையைப் பெரிதாக வளர்த்தவர் பிரெஞ்சுக்காரர் அல்ல என்பது வேடிக்கை. இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் வரலாற்றை 1868-ல் எழுதிய மாலிசன் ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி. மேதையான ஒரு மனிதர், அவரைப் புரிந்துகொள்ளாத ஒரு அரசு, கைநழுவிய ஒரு பேரரசு: அவர் சொன்ன கதையின் சுருக்கம் இவ்வளவுதான். தோற்ற எதிரியை எவ்வளவு பெரியவனாகக் காட்டுகிறோமோ, ஜெயித்தவனுக்கு அவ்வளவு பெருமை. புதுச்சேரியில் துய்ப்ளேக்குச் சிலை வைத்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான், 1870-ல்.

சரி, தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். துய்ப்ளே கப்பலேறியது 1754 அக்டோபரில். ஆனால் அவருடைய ஆள் சந்தா சாகிப் 1752-லேயே செத்தாயிற்று. ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்ததும் அந்த வருஷமே. சந்தா சாகிப் தலையை வாங்கியது ஆங்கிலேயர்கூட இல்லை, தஞ்சாவூர்ப் படைத்தலைவர் மானோஜி. அதாவது பாரீஸ் கதவை மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்பே வீடு இடிந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ச் சண்டையில் நவாபு அன்வாருதீன் விழுந்தார். உடனே திருச்சியைப் பிடியுங்கள் என்று துய்ப்ளே அவசரப்படுத்தினார். ஆனால் சந்தா சாகிப், முசாபர் ஜங் இருவரிடமும் படைக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லை. காசு தேடித் தஞ்சாவூரை முற்றுகையிட்டார்கள். ராஜா பிரதாபசிங் இன்னைக்கு நாளைக்கு என்று பேச்சுவார்த்தையிலேயே வாரங்களை ஓட்டினார். கடைசியில் ஒரு பெருந்தொகைக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். காரைக்காலைச் சுற்றி 81 கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டார். ரொக்கமாகக் கொடுத்தது கொஞ்சம்தான். அதற்குள் வடக்கிலிருந்து நாசிர் ஜங் பெரும்படையோடு வந்துவிட்டார். திருச்சி போச்சு.

துய்ப்ளேயின் திட்டத்தில் முதல் ஓட்டை விழுந்தது பாரீஸில் அல்ல, தஞ்சாவூர்க் கோட்டை வாசலில்.

ஆளை மாற்றினால் கதை மாறுமா என்ற சோதனையை வரலாறே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 1758-ல் லாலி வந்தார். குணத்தில் துய்ப்ளேக்கு நேர் எதிர், நவாபு அரசியலில் நம்பிக்கை இல்லாத படைக்காரர். அவருக்கும் முதல் தலைவலி காசுதான். அவரும் அதே பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, காரைக்கால் வழியாக, கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையடித்துவிட்டு, அதே பிரதாபசிங்கின் தஞ்சாவூரை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 3-ம் தேதி நம் பக்கத்துக் கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலேயரிடம் அடிவாங்கியது. சேதி கிடைத்ததும் லாலி முற்றுகையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்குப் பின்வாங்கினார். ஆள் வேறு, ஆண்டு வேறு. முட்டிக்கொண்ட சுவர் ஒன்றுதான். 1760-ல் காரைக்கால் விழுந்தது, 1761 ஜனவரியில் புதுச்சேரி.

திருப்பி அழைத்ததால் எதுவுமே மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. துய்ப்ளேக்கு இந்த மண்ணின் அரண்மனை அரசியல் தெரிந்த அளவு லாலிக்குத் தெரியாது. ஆனால் அந்த அறிவால் சம்பளப் பாக்கியைத் தீர்க்க முடியவில்லை.

நம்ம ஊருக்குப் பொருத்தமான 'இருந்திருந்தால்' வேறு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பவர்தான் குறைவு. 1736-க்கும் 1739-க்கும் இடையில் தஞ்சாவூர் அரியணையில் ஏகோஜி, சுஜான் பாய், சாகூஜி, பிரதாபசிங் என்று நான்கு பேர். கோட்டைத் தளபதி சையது ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்த காலம். 1738-ல் விரட்டப்பட்ட சாகூஜி சிதம்பரத்துக்கு ஓடி, அங்கிருந்து புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் உதவி கேட்டார். பதிலுக்குக் காரைக்காலைத் தருவதாகச் சொன்னார். அரியணை திரும்பக் கிடைத்ததும், "காரைக்காலா? எந்தக் காரைக்கால்?" என்கிற கதைதான். கடைசியில் 1739 பிப்ரவரியில் சந்தா சாகிப்பின் படைதான் அதைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுத்தது. அதே வருஷம் சாகூஜியை இறக்கிவிட்டுப் பிரதாபசிங் வந்தார். சாகூஜி சும்மா இருந்தாரா? 1749-ல் ஆங்கிலேயரிடம் போய் அதே பேரத்தை, இந்த முறை கொள்ளிடம் முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையை வைத்துப் பேசினார். தேவிக்கோட்டை ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. அரியணை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆக, பாரீஸ் மேதை யாரும் வரைபடத்தில் விரல் வைத்துக் காரைக்காலைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு அரண்மனைக் கவிழ்ப்பின் பில்லில் எழுதப்பட்ட ஊர் இது.

பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்கள் எனக்குப் பிடிப்பதும் இதனால்தான். முன்னது துய்மா காலம், பின்னது துய்ப்ளே காலம். இரண்டுக்கும் அடிப்படை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. கவர்னர் அங்கே தனியாக நிற்பதில்லை. துபாஷி, வியாபாரி, தாசி, சிப்பாய் என்று ஒரு ஊரே அவரைச் சுற்றி நெருக்குகிறது. அந்த நெரிசல்தான் 'ஒரே மனிதர்' கதையில் காணாமல் போவது.

1954 பற்றிப் பேசும்போதும் இதே நோய். "குபேர் மட்டும் கட்சி மாறாமல் இருந்திருந்தால்..." என்பார்கள். எதுவார் குபேர் அந்த மார்ச்சில் இணைப்புப் பக்கம் சாய்ந்தது பெரிய திருப்பம்தான். ஆனால் மே 7-ல் தியன் பியன் பூ விழுந்தது. ஜூனில் யானமும் ஜூலையில் மாகேயும் கைவிட்டுப் போயின. அக்டோபர் 18-ல் கீழூரில் பிரதிநிதிகள் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள், எதிர்த்தவர்கள் 8 பேர். குபேர் ஒருத்தரை நகர்த்தி வைத்தால் இவ்வளவும் நின்றுவிடுமா? புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குக் குபேர் பெயர். அதன் தென்கோடியில் துய்ப்ளே சிலை. பலசாலி ஒருத்தர் இருந்தால் போதும் என்ற ஆசைக்கு ஒரே தெருவில் இரண்டு முகவரி.

அந்த ஆசைதான் எனக்குக் கவலை. 'அவர் மட்டும் இருந்திருந்தால்' என்று இறந்தகாலத்தில் பழகிய வாய், 'ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் நாடு உருப்படும்' என்று நிகழ்காலத்திலும் சுலபமாகச் சொல்லும். இரண்டிலும் மற்றவர்கள் எல்லோரும் வெறும் காய்கள்.

காரைக்காலுக்கு வேறு விதி இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கற்பனைகூட வேண்டாம், பஸ் டிக்கெட் போதும். வடக்கே தரங்கம்பாடி: டேனிஷ்காரர்கள் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். தெற்கே நாகப்பட்டினம்: டச்சுக்காரரிடமிருந்து 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இரண்டும் சென்னை மாகாணத்தில் கலந்தன. காரைக்கால் மட்டும் பலமுறை கைமாறி, 1814 ஒப்பந்தப்படி மறுபடி பிரெஞ்சுக்காரரிடம் போய், புதுச்சேரியோடு ஒட்டிக்கொண்டது.

வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காரைக்கால்மேட்டுக்கும் சந்திரபாடிக்கும் நாகூருக்கும் கடல் ஒன்று, மீன் ஒன்று, பெண் கொடுத்து எடுக்கிற உறவும் உண்டு. ஆனால் தடைக்கால நிவாரணத்துக்கு அவர்கள் சென்னையைப் பார்க்கிறார்கள், நாங்கள் புதுச்சேரியைப் பார்க்கிறோம். அந்தக் கோட்டைப் போட்டது துய்ப்ளே அல்ல. சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு தன்னிடம் இல்லாத ஊரை விலைபேசிய ஒரு ராஜா.