கேள்வி அரசனுக்கு, சொல்வன்மை அமைச்சனுக்கு

தலைமை என்றதும் மேடையையும் முழக்கத்தையும் நினைப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. குறள் அவ்வாறு கூறுகிறதா? பரிமேலழகர் கொண்ட அதிகார வைப்பைச் சற்று ஊன்றி நோக்குவோம்.

அரசியலின் 25 அதிகாரங்களில் கேள்வி உண்டு. அறிவுடைமை, தெரிந்து செயல்வகை, காலமறிதல், தெரிந்து வினையாடல் ஆகியனவும் உண்டு. சொல்வன்மை அங்கில்லை, அஃது 65-ஆம் அதிகாரமாக அமைச்சியலில் நிற்கிறது. அவையறிதலும் அவையஞ்சாமையும் அங்கேயே. இறைமாட்சி அரசனிடம் இன்சொல்லை வேண்டுகிறது, நாவன்மையை வேண்டவில்லை. கேட்டு, எண்ணி, தக்காரைத் தேர்ந்து வினையை அவர்பால் விடுவதே தலைவன் கடன் என்பது இவ்வைப்பால் பெறப்படும்.

நாம் வாழும் மைசூரே இதற்குச் சான்று. 1940-இல் மறைந்த நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடக்கமும் இசை நாட்டமும் மிக்கவர். விசுவேசுவரய்யா, மிர்சா இஸ்மாயில் போன்ற ஆற்றல்மிகு திவான்களைத் தேர்ந்து செயலாற்றவிட்டார். காவிரியில் கண்ணம்பாடி அணை எழுந்தது. 1916-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. தமிழகத்திலோ, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராசர், ‘பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லோடு நின்று பள்ளிகளைப் பெருக்கினார்.

அஞ்சி வாய்மூடுவதை நாம் போற்றவில்லை, அது தலைமையன்று. ஆயினும், பிழைக்க வந்த ஊரில் சங்கம் நடத்தும் நாம் பேச்சாளரையே தலைவராக்குகிறோம். பொறுமையாய்க் கேட்பவரைக் கணக்கெழுத அமர்த்துகிறோம். வீட்டிலும் அதிகம் பேசாத பிள்ளையை மந்தம் என்கிறோம். வள்ளுவரை மேடையில் முழங்குவோர், அவர் நூலின் இவ்வைப்பையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.