அறியப்படாத மூலம்

நண்பர் ஒருவரின் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கைப்பேசியில் இருந்த அகராதிச் செயலி ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. என்னிடம் டேட்டா தீர்ந்துபோயிருந்தது. 'இதுக்கெதுக்கு நெட்டு?' என்று தன் போனிலிருந்து நேராக என் போனுக்கு அனுப்பினார். திறந்தால் திரை எச்சரிக்கிறது: அறியப்படாத மூலம். பதினைந்து வருஷமா தெரிஞ்ச மனுஷன், முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் அறியப்படாதவராம். நான் ஒருபோதும் பார்த்திராத, பார்க்கவும் முடியாத ஒரு நிறுவனத்தின் கடை அறியப்பட்டதாம். கவிதையில் ஒரு சொல் இப்படிப் புரண்டு கிடந்தால் நாம் சும்மா விடுவோமா? இதையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

'அறியப்படாத' என்பது செயப்பாட்டு வினையிலிருந்து பிறந்த சொல். யாரால் அறியப்படாத என்பதை அது சொல்வதில்லை. எழுவாயை ஒளித்துவைக்க அதிகாரம் எப்போதும் விரும்புகிற வடிவம் இது. அறிபவராக இங்கே நாம் இல்லை, கடைக்காரர்தான் இருக்கிறார். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இல் இந்த அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கேட்கும்படி மாற்றினார்கள். கேட்கும் விதம் மாறியதே தவிர, 'அறியப்படாத' மாறவில்லை.

எச்சரிக்கை முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கைமாறி வரும் செயலிக்குள் திருட்டு நிரல் இருக்கலாம். கொடுக்கிற நண்பருக்கே அது தெரியாமல் இருக்கலாம். எனவே கேள்வி இதுதான்: கையிலிருந்து கைக்குப் போகும் ஒன்றுக்கு நம்பகத்தை யார் தருவது?

இதற்கு நடைமுறையில் விடை தேடியவர்கள் உண்டு. எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற மென்பொருள் களஞ்சியம் 2010இல் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் கார்டியன் ப்ராஜெக்ட் குழுவினரோடு சேர்ந்து அவர்கள் ஒரு வேலையில் இறங்கினார்கள்: ஒவ்வொரு போனையும் ஒரு சிறு களஞ்சியமாக மாற்றுவது. இரண்டு போன்கள் ஒரே வைஃபையில், அல்லது புளூடூத்தில் இணைந்தால் போதும். ஒன்றிலுள்ள செயலிகளின் பட்டியல் மற்றதில் தெரியும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எதிராளியிடம் எஃப்-டிராய்டே இல்லையென்றாலும், அவருடைய உலாவி வழியாக அதையே முதலில் கொடுத்துவிடலாம்.

கவனிக்க வேண்டியது, இது வெறும் நகலெடுத்தல் அல்ல. ஒவ்வொரு செயலிக் கோப்பிலும் அதைக் கட்டியவரின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. அடுத்த பதிப்பு வேறொரு கையொப்பத்தோடு வந்தால் ஆண்ட்ராய்டு ஏற்காது. பத்துக் கை மாறினாலும் கையொப்பம் அழியாது. ஆனால் கையொப்பம் நல்லது கெட்டது சொல்லாது, அதே கைதான் என்று மட்டுமே சொல்லும். முதல் முறை வாங்கும்போது நாம்தான் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை மையத்திடமிருந்து பிடுங்கி நம் கையில் தருவதுதான் இந்த வசதியின் அரசியல்.

கைமாற்றம் என்றாலே விடுதலை என்று துள்ளுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷேர்இட், செண்டர் போன்ற செயலிகளால் இங்கே கோடிக்கணக்கானோர் இணையமில்லாமலே படமும் பாட்டும் செயலியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது இவ்விரண்டும் அதில் போயின. பரிமாற்றம் பரவலாக இருந்தது, பரிமாறும் கருவிக்கு மட்டும் ஒரு முதலாளி இருந்தார். ஒரே உத்தரவு போதுமானதாயிற்று.

நமக்கு இது தூரத்து விவகாரமும் இல்லை. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை முடக்கினார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன அதிவேக இணையம் திரும்பிவர 2021 பிப்ரவரி ஆயிற்று. இணையமில்லாமல் செய்தி அனுப்ப ப்ரையர் போன்ற செயலிகள் இருக்கின்றன. ஆனால் அதைப் பெற இணையம் வேண்டும் என்றால், தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான். இதை உணர்ந்துதான் ப்ரையரைக் கட்டியவர்கள், போனிலிருந்து போனுக்கு அது தன்னைத்தானே கொடுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தார்கள். 2023இல் இந்திய அரசு காஷ்மீரைக் காரணம் காட்டி முடக்கிய 14 செயலிகளில் ப்ரையரும் ஒன்று.

இனி, நம்மைப் பற்றி. இந்த வசதியை ஆங்கிலத்தில் 'பியர்-டு-பியர்' என்கிறார்கள். பியர் என்றால் ஒத்தார், சமமானவர். பொறியாளர் இரண்டு போன்களைச் சமம் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறார். போன்கள் சமமாக இருக்கலாம். பிடித்திருக்கும் கைகள்? இரட்டைக் குவளை வைத்த நாட்டில் யார் கையிலிருந்து யார் வாங்குவார்கள் என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. புளூடூத் பொதுவாகப் பத்து மீட்டர் எட்டும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே அதைவிட அதிகத் தூரம் விட்டுத்தான் நாம் ஊர் கட்டியிருக்கிறோம். அருகிருப்பவரை நம்பு என்கிற ஏற்பாடு, யார் யாருக்கு அருகே இருக்கலாம் என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட சமூகத்தின் மேல்தான் ஓடப்போகிறது. மையத்தை அகற்றியதும் சமத்துவம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளாது. இதைச் சொல்லாமல் இந்த வசதியைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் இதைச் சாக்காக வைத்து மையத்திடமே போய்ச் சேரவும் முடியாது. அது இப்போது வேறு வேஷத்தில் வருகிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் ஒன்றை அறிவித்தது: தன் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில், அடையாளத்தைப் பதிவுசெய்த நிரலாளர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, பிறகு உலகம் முழுக்க. எஃப்-டிராய்டு இதைக் கடுமையாக எதிர்த்தது. நவம்பரில் கூகுள் சற்று இறங்கி, அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாகச் சொன்னது. நுட்பத்தைப் பாருங்கள். கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. நண்பர் தாராளமாகக் கொடுக்கலாம், என் போன்தான் வாங்காது. தடை கொடுக்கிற கையிலிருந்து நகர்ந்து, வாங்குகிற கைக்குள்ளேயே குடியேறுகிறது.

எஃப்-டிராய்டின் எளிமையாக்கப்பட்ட பதிப்பு ஒன்று இருக்கிறது. அதில் அருகில் பகிரும் வசதியைச் சேர்க்கவில்லை. எளிமை என்று வரும்போது மாற்று முகாமிலேயே முதலில் கழற்றப்படுவது இதுவாக இருக்கிறது. அன்றாடத்தில் தேவைப்படாத ஒன்று, தேவைப்படும் நாளில் மட்டும் வந்துவிடாது. இந்தப் பத்திரிகையை உங்களுக்குத் தந்தவர் யார் என்று யோசித்துப்பாருங்கள். பெரும்பாலும் ஒரு நண்பராகத்தான் இருப்பார். அவரை அறியப்படாத மூலம் என்று உங்களிடம் யாரும் எச்சரிக்கவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள்: நீங்கள் படித்துவிட்டு இதை யாரிடம் தருவீர்கள், யாரிடம் தர உங்களுக்கு இதுவரை தோன்றியதே இல்லை?