தாடை மூட்டு இறுக்க அறுவை: நம் மரபுகளும் அளவுகோலும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தின் மூத்தவர்கள் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. அவர்களில் சிலர் தியேட்டரில் எனக்கு ரிட்ராக்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்.

கேப், இன்டர்பொசிஷன், மூட்டையே புதிதாக அமைத்தல் ஆகிய மூன்று மரபுகளும் நம் உறுப்பினர்களுக்குப் பழக்கமானவை. ஹம்ஃப்ரி, வெர்னோய் காலத்திலிருந்து கதையைத் தொடங்கப்போவதில்லை. இளையவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த விவாதத்தின் பெரிய அத்தியாயம் ஒன்று நம் வேலூருக்கு உரியது. சி.எம்.சி.யில் பணியாற்றிய டோப்பாசியன் 44 நோயாளிகளை ஆராய்ந்து, மூட்டு இறுகும் காரணங்களை 1964இல் எழுதினார். வெறும் இடைவெளி விடுவதையும் இடையே திசு வைப்பதையும் 1966இல் ஒப்பிட்டு, மறுபடி ஒட்டிக்கொள்வது முதல் முறையில்தான் அதிகம் என்று காட்டினார். சண்டிகரின் சாஹ்னி 1986இல் வகுத்த நான்கு வகைகளைத்தான் இன்றும் வார்டு ரவுண்ட்ஸில் சொல்கிறோம். இவையெல்லாம் நம் நாட்டு நோயாளிகளிடமிருந்து வந்த அறிவு.

எங்கள் ஆசிரியர் இன்டர்பொசிஷன் மரபைச் சேர்ந்தவர். டெம்போராலிஸ் ஃபேஸியாவைத் தவிர வேறெதையும் அவர் எளிதில் ஒப்புக்கொண்டதில்லை. கட்டியாய்த் திரண்ட எலும்பைப் பர் கொண்டு முக்கால்வாசி குடைந்து, உட்புறம் மிஞ்சும் மெல்லிய தகட்டை ஆஸ்டியோடோமால் மெதுவாகப் பிளப்பார். மேக்ஸில்லரி தமனி அங்கேதான் ஓடுகிறது என்பதால் அந்த நிமிடத்தில் தியேட்டரில் யாரும் பேசக்கூடாது. பிறகு சுண்டுவிரலை இடைவெளிக்குள் விட்டு உட்புற ஓரம்வரை தடவிப் பார்ப்பார். விரலில் ஒரு முனை தட்டினாலும் மறுபடி பர் சுழலும். உட்புறத்து எலும்பை விட்டுவிட்டு வெளியே வந்தவன் அறுவையே செய்யவில்லை என்பது அவர் கட்சி. வாய் 35 மி.மீ. திறக்காவிட்டால் அதே பக்கக் கொரனாய்டை எடுப்பார். அதற்கும் திறக்காவிட்டால் மறுபக்கத்துக் கொரனாய்டு. கபான் 1990இல் வெளியிட்ட நெறிமுறையோ அதே பக்கக் கொரனாய்டை எப்போதுமே எடுக்கச் சொல்கிறது, மறுபக்கத்துக் கொரனாய்டைத் தேவைப்பட்டால் மட்டும்.

வளரும் பிள்ளைக்கு விலாக் குருத்தெலும்பு வைப்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஒட்டு சில சமயம் வளராமலும், சில சமயம் மிதமிஞ்சி வளர்ந்தும் தொல்லை தரும் என்பதால் நாங்கள் தயங்குகிறோம். தூக்கத்தில் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு முதலில் டிஸ்ட்ராக்ஷன் செய்து தாடையை நீட்ட வேண்டும் என்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. பெரியவர்களுக்கு உலோக மூட்டு நல்ல வழிதான், விலைதான் எட்டுவதில்லை. திறக்காத வாயில் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தித் தரும் மயக்கவியல் நண்பர்கள் இல்லாவிட்டால் எந்த மரபும் கத்தியை எடுக்க முடியாது.

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன். முகவாய் அடிபட விழுந்த பிள்ளைக்கு மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது. வலிக்குப் பயந்து வாயை அசைக்காததால் அது எலும்பாகிறது. அறுவைக்குப் பிறகு நாம் விட்ட இடைவெளியிலும் அதே இரத்தம்தான் நிற்கிறது. அங்கும் அசைவு இல்லாவிட்டால் அதே கதி. எங்கள் ஆசிரியர் வார்டில் முதலில் கேட்பது, “இன்னிக்கு எத்தனை குச்சிம்மா?” என்பதைத்தான். கடைவாய்ப் பற்களுக்கிடையே ஐஸ் குச்சிகளை அடுக்கி, நாளுக்கு ஒன்று கூட்டுவார். பிள்ளை கதறும், தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் கட்டிலை விட்டு நகரமாட்டார். ஓராண்டாவது பயிற்சி தொடர வேண்டும் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லி அனுப்புவார்.

இன்று, எல்லோரையும் சொல்லவில்லை, சில இடங்களில் ஓர் அச்சிட்ட தாளோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மேசைமேல் எடுத்த படம் அன்று மாலையே கைபேசிகளில் சுற்றுகிறது. மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாய் திறந்ததில் என்ன வெற்றி? கேஸ் ஷீட்டில் மி.மீ. கணக்கு இருப்பதில்லை, ‘நன்றாகத் திறக்கிறது’ என்று எழுதினால் போதுமாகிவிட்டது. மாநாட்டில் மூன்று மாதப் பலனைக் காட்டிக் கைதட்டு வாங்குகிறார்கள், நடுவர்களும் கேட்பதில்லை. தேர்வில் கீறலின் பெயரைக் கேட்கிறார்கள், பயிற்சியைக் கேட்பதில்லை. வாய் திறப்பு அளவுகோலைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் பயிற்சி மருத்துவரைப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. ஒரு தலைமுறை பாடுபட்டு ஏற்படுத்திய ஒழுங்கு நம் கண்ணெதிரே கரைகிறது. இதைச் சொல்வதால் யாருக்காவது வருத்தம் நேர்ந்தால் பொறுத்தருள வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆசிரியருக்குச் செய்த துரோகமாகும். மூட்டு மறுபடி ஒட்டி, இரண்டாம் முறை அறுக்கும்போது தழும்பும் முக நரம்பும் படுத்தும் பாடு நம் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை அனுபவிப்பது பிள்ளைதான்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டுக் கூட்டம் முதல், அறுவை முடிந்து ஓராண்டு நிறையாத நோயாளியைப் பற்றிய கட்டுரையைப் பரிசுக்கு ஏற்க வேண்டாம். வெட்டுப்பற்களுக்கிடையே அளந்த மி.மீ. கணக்கை, அறுவைக்கு முன், மேசைமேல், ஓராண்டுக்குப் பின் என மூன்று முறையும் எழுதி வருபவருக்கே மேடை கொடுங்கள்.