மலையூரில் ஒரு சேமிப்புக் கணினி: சிக்கனத்தின் எல்லைகள்

இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய் மலைகளில் அமைந்த சக்குபள்ளத்திலும், அதைச் சூழ்ந்த குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனை ஊர்களிலும் ஒளிப்பட நிலையம், ஏலக்காய் வணிகர் அலுவலகம், பள்ளிக்கூடம், சேவை மையம் என எங்கும் கோப்புகள் குவிந்து வருகின்றன. அவற்றைப் பென் டிரைவ்களில் சிதறவிடாமல், அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் எடுத்தும் வைத்தும் பயன்படுத்தக்கூடிய ஒரே கணினியில் திரட்டி வைப்பதற்கு வலையமைப்புச் சேமிப்பகம் என்று பெயர். இதற்கென்றே விற்கப்படும் சினாலஜி, கியூநாப் போன்ற பெட்டிகளுக்கு வன்தட்டு சேராமலேயே நல்ல விலை உண்டு. ஆகவே நகரத்து அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினி ஒன்றைப் பழைய பொருளின் விலைக்கு வாங்கி, இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்னும் கட்டணமில்லா மென்பொருளை நிறுவிக்கொள்ளும் வழியையே சிறு நிறுவனங்கள் நாடுகின்றன.

இவ்வாறு காக்கப்படுபவற்றில் திருமணப் படங்களும் கணக்குப் புத்தகங்களும் மட்டுமல்லாமல், மீண்டும் பெறவே முடியாத தாள்களின் படிகளும் அடங்கும். கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெறுவதற்கு 1950க்கு முன்பே குடும்பம் அங்குக் குடியிருந்ததற்கான ஆதாரம் கேட்கப்படுவதால், தோட்டத் தொழிலாளரான தமிழ்க் குடும்பங்களுக்குத் தாத்தா காலத்துச் சம்பளச் சீட்டொன்றின் ஒளிப்படிகூடப் பேரப்பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கக்கூடும். ஆகவே குறைந்த செலவில் சேமிப்பகம் அமைப்பது நல்லதா என்பதைவிட, அச்செலவை எந்த உறுப்பில் குறைப்பது என்பதே ஆராயத்தக்கது.

செயலியில் குறைப்பது முற்றிலும் சரி. கிகாபிட் வலையமைப்பு ஒன்றின் உச்ச வேகம் நொடிக்கு 125 மெகாபைட் மட்டுமே. பத்தாண்டு பழைய இன்டெல் செயலியும் அந்த வேகத்தில் கோப்புகளைத் தடையின்றிக் கொடுத்துவிடும். மலிவான உறுப்புகளைச் சேர்த்து நம்பகமான அமைப்பைக் கட்டலாம் என்ற எண்ணத்துக்கு மதிப்பான மரபும் உண்டு: 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ரெய்டு பற்றிய ஆய்வுரை, விலை குறைந்த பல வன்தட்டுகளை ஒருங்கிணைத்து ஒன்று பழுதானாலும் தரவு நிலைக்கச் செய்வதையே முன்மொழிந்தது. மின்செலவு மட்டும் இங்கு எதிர்வாதமாக நிற்கிறது. எந்நேரமும் 50 வாட் இழுக்கும் பழைய கணினி ஆண்டுக்கு 438 யூனிட் செலவழிக்க, 2023இல் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற சிறு செயலியைக் கொண்ட அமைப்பு 20 வாட்டில் ஓடினால் 175 யூனிட்டே ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டு வேறுபாடு ஏறக்குறைய 2,100 ரூபாய். பழையதன் விலைச் சலுகையை இது இரண்டு மூன்று ஆண்டுகளில் தின்றுவிடக்கூடும் என்பதை வாங்குவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிக்கனம் பிழையாகும் முதல் இடம் மின்சாரம் நுழையும் வாயிலாகும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் கெட்டால், அது தனியே போகாமல் மதர்போர்டையும் வன்தட்டுகளையும் சேர்த்துக்கொண்டு போக வாய்ப்புண்டு. இவ்வகையில், பெயர் தெரியாத மலிவான எஸ்எம்பிஎஸ் வைத்துப் புதிதாக அசெம்பிள் செய்யப்படும் கணினியைவிடப் பெரிய நிறுவனத்தின் பழைய அலுவலகக் கணினியே பெரும்பாலும் தரமானது. ஆயினும் அவற்றில் பலவற்றின் மின் இணைப்பு முனைகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவையாதலால், பழுதானால் கடையில் கிடைக்கும் பொது எஸ்எம்பிஎஸ் பொருந்தாது என்ற குறை உண்டு.

கேரள மலைப்பகுதியில் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடு வருபவை. மின்னல் மின்கம்பி வழியே மட்டும் வருவதில்லை. தோட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் இழுத்த கண்காணிப்புக் கேமராவின் செம்புக் கம்பி வழியாகவும் அது சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து சேமிப்பகத்தை அடையலாம். கண்ணாடி இழைக் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கேமரா வலைக்கும் அலுவலக வலைக்கும் நடுவே இழையால் ஆன ஒரு சிறு துண்டை இடுவது பெருஞ்செலவில்லாத பாதுகாப்பாகும். யுபிஎஸ் இருந்தாலே போதும் என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. நல்ல எர்த் இல்லாத கட்டடத்தில் மின்காப்புக் கருவிகள் தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. யுஎஸ்பி முனை இல்லாத மலிவு யுபிஎஸ், மின்கலம் தீரப்போகிறது என்பதைச் சேமிப்பகத்துக்கு அறிவிக்க முடியாமல், அதை எழுத்தின் நடுவிலேயே அணையவிடும். சற்றுக் கூடுதலாகக் கொடுத்து அந்த முனை உள்ளதை வாங்குவது, செயலியில் அடுத்த படிக்குப் போவதைவிடப் பலமடங்கு பயனுள்ளது.

வன்தட்டைப் பொறுத்தவரை விலைச்சீட்டு சொல்லாத ஒரு வேறுபாடு உண்டு. பதிவுத் தடங்களை அருகருகே தனித்தனியாக இடுவது சிஎம்ஆர் முறை. கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இடுவது எஸ்எம்ஆர் முறை. பின்னதில் கொள்ளளவு மலிவாகக் கிடைத்தாலும், ஒரு தடத்தை மாற்ற அதை ஒட்டியவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், பழுதான தட்டுக்குப் பதில் புதியதை வைத்துத் தரவை மீட்டெழுதும் வேளையில் அது திணறிப்போகிறது. சேமிப்பகங்களுக்கென்று விற்கப்பட்ட ரெட் வரிசையின் சில மாதிரிகள் எஸ்எம்ஆர் முறையினவே என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது; பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் மாதிரி எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பயன்படுத்திய தட்டுகளை வாங்குவதில் ஆபத்து இன்னும் மிகுதி. ஓடிய நேரக் கணக்கை அழித்துப் பழைய சீகேட் தட்டுகளைப் புதியவையாக விற்றது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவிலேயே வெளிப்பட்டது. தட்டு தன் நலத்தைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் எச்சரிக்கை வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் சரியன்று: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்துக் கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலேயே வீழ்ந்திருந்தன.

பிழைதிருத்தும் இசிசி நினைவகம் இல்லாமல் சேமிப்பகம் கூடாது என்று வாதிடுவோரும் உள்ளனர். அது நல்லதுதான், ஆனால் பழைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை அதை ஏற்பதில்லை, அதற்கான செலவும் இரண்டாம் பிரதிக்கான செலவுக்குப் பிறகே வரத்தக்கது.

பழைய கணினியில் சேமிப்பகம் அமைக்கும் இவ்வழக்கத்தின் மிகப் பெரிய குறை உறுப்புகளில் இல்லை, அவற்றைப் பற்றிய எண்ணத்தில் உள்ளது. இரண்டு தட்டுகளிலும் ஒரே தரவு பதிவாவதால் காப்புப் பிரதி கிடைத்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒரு தட்டில் தவறி அழித்த கோப்பு மற்றதிலும் அதே நொடியில் அழிந்துபோகும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டையின் அருவாப்புலம் ஆகிய ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளையும் பூட்டியது. அது பரவியது கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியே. பணியாளரின் கணினி எந்தப் பகிர்வுக் கோப்புறையில் எழுத முடியுமோ அதையெல்லாம் அத்தகைய தீநிரலும் எழுதிப் பூட்ட முடியும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் கணநேரப் பதிவுகள், அதாவது மாற்ற முடியாதபடி குறித்த வேளையில் உறையவைத்த நிலைகள், இதற்கு ஓரளவு மருந்தாகும். ஆனால் மின்னலுக்கும் தீநிரலுக்கும் ஒருசேரத் தப்புவது கம்பி கழற்றி வைக்கப்பட்ட தட்டு ஒன்றே.

அத்தட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் மலைக்கு உரிய நியாயம் ஒன்று உண்டு. 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டு, மாவட்டம் எங்கும் நிலச்சரிவுகள் சாலைகளை அறுத்தபோது, ஒரே கட்டடத்தில் உள்ள இரண்டு பிரதிகள் ஒரே பிரதிக்குச் சமம் என்பது தெளிவாகியிருக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி சக்குபள்ளத்துக்கு எளிதில் பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கில் உறவினர் வீடு இருப்போர் அங்கேயே, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத பெட்டியில் தட்டை வைத்துவிடலாம்.

ஆகவே பழைய கணினியைத் தேர்வது குறையன்று. அதில் மிச்சமான பணம் நான்கு தட்டுகள் பொருத்தும் பெரிய கேபினெட்டுக்கும் வேகமான செயலிக்கும் போவதே குறை. முதலில் எர்த்தும் யுஎஸ்பி முனையுள்ள யுபிஎஸ்ஸும், அடுத்து இரண்டு சிஎம்ஆர் தட்டுகள், உடனேயே மலைக்குக் கீழே வைக்கும் மூன்றாம் தட்டு என்ற வரிசையில் செலவிட்ட பிறகே மற்றவை. சேமிப்பகம் ஏற்கெனவே வைத்திருப்போர் இந்த மாதமே அந்தத் தனித் தட்டிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்த்துவிட வேண்டும்.