சங்குக்குள் ஒரு முகம்

கேமியோ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சினிமாவில் நட்சத்திரங்கள் ஒரு நிமிடம் தலைகாட்டிப் போவதுதான். அந்தப் பெயருக்குரிய பழைய நகையை, சங்கில் முகம் செதுக்கிய நகையை, நான் அதைவிடப் பல மடங்கு நேசிக்கிறேன்.

இத்தாலியில், வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது டோரே டெல் கிரேக்கோ. பவளத்துக்குப் பேர்போன கடலோர ஊர். பவளமும் சங்கும் செதுக்கக் கற்றுத்தர 1878இலேயே அங்கு ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். அங்கே செதுக்கும் கரீபியக் கடலின் பெரிய சங்கில் வெள்ளைப் படலத்துக்கு அடியில் அடர்பழுப்பு. இந்தியப் பெருங்கடலின் இன்னொரு வகையில் செம்மஞ்சள். நிறம் தீட்டும் வேலையே இல்லை, எல்லாம் சங்கு தந்தது.

நீள்வட்டமாக அறுத்த துண்டை மரக்கோலின் நுனியில் அரக்கு போன்ற பசையால் ஒட்டி, பென்சிலால் முக்காடிட்ட முகம் வரைந்து, கூரிய சிற்றுளியால் வெள்ளையைச் சீவுகிறார்கள். கன்னத்தில் வெள்ளை தடிமனாக நிற்கும். முக்காட்டின் ஓரத்திலோ அதை இழைத்து இழைத்து, அடியிலுள்ள பழுப்பு கசியும் அளவுக்கு மெல்லிசாக்கிவிடுவார்கள். அந்த இடத்தில் சங்கு சல்லாத்துணியாகிவிடுகிறது! கைத்திறன் முழுக்க அங்கேதான் என்பேன்.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் பெண்கள் இந்த நகையைக் கழுத்தருகே ப்ரூச்சாகக் குத்திக்கொண்டார்கள். அப்படியொன்று கிடைத்தால் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும்; மயிரிழை விரிசல் இருந்தால் தெரியும். பின்புறத்தைத் தடவினால் லேசான குழிவு, சங்கின் பழைய வளைவு, விரலில் படும்.